பிரிசில்லா டீச்சரின் ஆம்ப்ளிஃபயர் ஏன் நின்றது

பிரிசில்லா டீச்சருக்குப் பிறந்த நாள் முதலாக எல்லாரும் சொன்ன ஒரே புத்திமதி "மெதுவா" என்பதுதான். சிதம்பரத்தில் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மெதுவாகச் சிரி, தெருவுக்குக் கேட்கிறது என்றார்கள். கல்யாணமாகிக் கடலூர் முதுநகருக்கு வந்தபின், மெதுவாகப் பேசு, இது துறைமுகமா வீடா என்றார்கள். சரி, இவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை என்னதான் செய்வாள்? விளையாட்டு டீச்சர் ஆனார். மைதானத்தில் மட்டும் யாரும் வாயைப் பொத்தச் சொல்லவில்லை. குடியரசு தினத்தன்று மஞ்சக்குப்பம் மைதானத்தில் அவர் "அட்டேஏஏன்ஷன்" என்று ஒரு சத்தம் விட்டால், பந்தலில் டீ குடித்துக்கொண்டிருக்கும் பெரிய மனிதர்களும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்தக் குரலோடு பிறந்தவருக்குத் தவில் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன? சிதம்பரத்தில் அவர் வீடு தேர் ஓடும் வீதிக்குப் பின்னாலிருந்த சந்தில் இருந்தது. திருவிழா நாட்களில் நாதஸ்வரமும் தவிலும் வாசற்படியிலேயே வந்து நிற்கும். "கிறிஸ்தவ வூட்டுப் பொண்ணுக்குக் கோயில் மேளத்து மேல என்னா இவ்ளோ பித்து?" என்று புகுந்த வீட்டார் கேட்டபோது டீச்சர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "எனக்குத் தலையிலதான் ஞானஸ்நானம் குடுத்தாங்க, காதுல குடுக்கல." அதற்கப்புறம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஓய்வு பெறும் முன் சம்பள அரியர்ஸ் வந்தபோது, வளையல் வாங்கு, பீரோ வாங்கு என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். டீச்சர் நேராகப் போய் ஒரு ஆம்ப்ளிஃபயரும், இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டும் வாங்கிவந்து கூடத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்து வந்ததும் காப்பியோடு பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்காருவார். தவிலைப் போடுவார். சவுண்டை நன்றாகத் திருப்பிவிடுவார். தனி ஆவர்த்தனம் உச்சத்துக்கு ஏறும்போது நெஞ்சுக்கூடு அதிரும். கண்ணை மூடிக்கொள்வார். வாரம் முழுக்க வீட்டுக்கு உழைக்கிற அந்த மனுஷிக்குத் தனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் அவர் கணவர் மரியசெல்வம் மீன் வாங்கத் துறைமுகத்துப் பக்கம் போய்விடுவார்.

மரியசெல்வத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் பெரிய தொல்லை. ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவர், குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். சர்ச் பங்கில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். போன ஈஸ்டருக்கு அந்தத் தங்கமான மனுஷன் மனைவிக்கு ஒரு பரிசு கொடுத்தார். சமையலறைச் சுவரில் மசாலா டப்பா அடுக்குக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர்களை மாட்டி, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, கூடத்து ஸ்பீக்கர் ஒயரோடு தன் கையாலேயே முறுக்கிச் சேர்த்து, கருப்பு டேப் சுற்றிவிட்டார்.

"இனிமே நீ சமைச்சிக்கினே கேக்கலாம் பாரு" என்றார்.

பக்கத்து வீட்டு சவரியம்மாள் மூக்கில் விரலை வைத்தாள். "எவ்ளோ பாசம் பாருக்கா! எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குதே, பல்பு மாட்டிக் குடுன்னாகூட மாட்டாது" என்றாள். டீச்சருக்கும் அன்றைக்குக் கண் கலங்கித்தான் போனது. பொய் சொல்வானேன், ரொம்ப சந்தோஷப்பட்டார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அடுத்த ஞாயிறு தவிலைப் போட்டுவிட்டு நாற்காலிக்குப் போனார். "பிரிசில்லா, மீன் கெடக்குதே, பாட்டுதான் அங்கயும் கேக்குதே" என்றார் மரியசெல்வம். நியாயம்தானே என்று டீச்சரும் எழுந்துபோனார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மழைக்காலம் வருவதற்குள் பிரம்பு நாற்காலியில் மரியசெல்வம் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார், டீச்சர் சமையலறையில் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கென்று ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அந்த வீட்டில் இருந்ததையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். யாரும் பிடுங்கவில்லை, சண்டை போடவில்லை. பரிசாகக் கொடுத்தே பறித்துக்கொண்டார்கள்!

சமையலறையில் சும்மாவா இருக்கிறது? ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் மிக்சி, தலைக்கு மேலே புகை இழுக்கிற ஃபேன். அந்த இரைச்சலில் தவில் எங்கே கேட்கும்? டீச்சர் மஞ்சள் கையோடு கூடத்துக்கு வந்து சவுண்டைக் கூட்டிவிட்டுப் போவார். தவில்காரர் சூடுபிடித்து வாசிக்க ஆரம்பித்ததும் 'டக்'கென்று ஒரு சத்தம். பாட்டு நின்றுவிடும். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு கண்சிமிட்டும். அணைத்துப் போட்டால் மறுபடி பாடும். கூட்டினால் மறுபடி டக்.

"சவுண்டு ஜாஸ்தி வெச்சிட்ட" என்பார் மரியசெல்வம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இதே சவுண்டில்தானே கேட்டார்? அப்போது பாடிய பெட்டி இப்போது ஏன் பாடவில்லை? சைக்கிள் செயின் கழன்றால், மெதுவாக ஓட்டு என்றா சொல்வார்கள்? கழன்ற செயினை மாட்டுவார்கள் அல்லவா?

சென்னையில் வேலை செய்யும் மகன் லூர்து பிரகாஷுக்குப் போன் போட்டார். "அம்மா, அது பழைய பெட்டி. உங்க வயசுக்கு இவ்ளோ சவுண்டு எதுக்கும்மா? காது போயிடும்" என்றான். பெட்டியைப் பற்றிக் கேட்டால் வயசைப் பற்றிப் பதில்! "நான் என் காதப் பத்திக் கேக்கலடா, ஆம்ப்ளிஃபயரப் பத்திக் கேக்குறேன்" என்று டீச்சர் போட்ட சத்தத்தில் சவரியம்மாள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தாள்.

அடுத்து மரியசெல்வம் ஒரு காரணம் கண்டுபிடித்தார். ஆம்ப்ளிஃபயருக்கு மேலே டீச்சர் பின்னல் துணி விரித்து மாதா சுரூபம் வைத்திருந்தார். துணி காற்றோட்டத்தை அடைக்கிறது, பெட்டி சூடாகிறது, அதனால்தான் நிற்கிறது என்றார். தப்பு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள், டீச்சர் விரித்த துணியில்! சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று மாதாவை இரண்டு கையாலும் எடுத்து ஷோகேஸில் வைத்தார். துணியை மடித்தார். மின்விசிறியைப் பெட்டிக்கு நேராகத் திருப்பிவைத்தார். பெட்டி பனிக்கட்டி மாதிரி குளிர்ந்து கிடந்தது. தவில் ஏறியது. டக்.

"மாதாவ எறக்கினீங்க இல்ல, அதான்" என்றாள் சவரியம்மாள்.

"மாதா எறங்கறதுக்கு முன்னாடியே நின்னுது சவரி, நீ வேற வயித்தெரிச்சலக் கௌப்பாத" என்றார் டீச்சர்.

மார்கழிக்கு முன்னால் மரியசெல்வம் தம் சாந்தமான குரலில் தீர்ப்பைச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வேண்டும். ஓடாத பெட்டி எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு? பழைய சாமான் எடுக்கிற ஆண்டி ஞாயிற்றுக்கிழமை வருவான், சொல்லிவைத்தாயிற்று. பிரகாஷ் வரும்போது புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வருகிறானாம், உள்ளங்கை அகலந்தான் இருக்குமாம். "அஞ்சறைப் பெட்டி பக்கத்துலயே வெச்சிக்கலாம் பாரு, உனக்கு நல்ல வசதி" என்றார்.

டீச்சர் எழுந்துபோய்ப் பெட்டியின் ஒயர்களைக் கழற்றினார். பழைய புடவையில் ஆம்ப்ளிஃபயரைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுநாளே சிதம்பரம் பஸ் ஏறினார்.

தெற்கு வீதியில் எழிலன் என்பவன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கையில் எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டான் என்று பேர். அவன் பெட்டியைத் திறந்து, தூசி ஊதி, உள்ளே ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, தன் கடை ஸ்பீக்கர் இரண்டை மாட்டித் தவிலைப் போட்டான்.

"கூட்டு" என்றார் டீச்சர்.

கூட்டினான்.

"இன்னும் கூட்டு."

"டீச்சர், ரோட்ல போறவங்க…"

"கூட்டுப்பா!"

கடைசி வரைக்கும் திருப்பினான். தவில் இடித்துக்கொண்டு கிளம்பியது. எதிர்க் கடையில் பூக் கட்டிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டுத் தலையாட்டினாள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். பெட்டி நிற்கவில்லை. சிவப்பு விளக்கு கண்ணே திறக்கவில்லை. கடைவாசலில் நின்ற டீச்சருக்கு எத்தனையோ மாதத்துக்கப்புறம் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது, அழுகையாக வந்தது.

"பெட்டியில ஒரு கொறையும் இல்ல டீச்சர். வீட்ல ஏதோ தப்பா ஆபரேட் பண்றீங்க. சார் நம்பர் குடுங்க, ஒரு வார்த்த கேட்டுர்றேன்" என்றான் எழிலன்.

டீச்சர் எதிரிலேயே நிற்கிறார். பெட்டி அவருடையது, பஸ்ஸில் மடியில் சுமந்து வந்தவர் அவர். கேள்வி மட்டும் சாருக்கு! எழிலன் போனில் பேசினான். "எத்தன ஸ்பீக்கர் சார்? ரெண்டா? சரி சார். ஓ, ஜாஸ்தி வெக்கிறாங்களா? சரி சார், சரி சார்." போனை வைத்துவிட்டுச் சிரித்தான். "சார் சொல்றாரு, கொஞ்சம் கொறைச்சி வெச்சிக்குங்க டீச்சர். இந்த வயசுல எதுக்கு?"

டீச்சருக்கு வந்த கோபத்தில் விசில் மட்டும் கழுத்தில் தொங்கியிருந்தால் தெற்கு வீதி முழுக்க அட்டேன்ஷனில் நின்றிருக்கும். பெட்டியைப் புடவையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனம் கொதித்தது. சிதம்பரத்தில் பாடுகிற பெட்டி முதுநகரில் ஏன் பாடாது? பெட்டி அதே பெட்டி, தவில் அதே தவில், திருப்புகிற கையா மாறிவிட்டது? புதுச்சத்திரம் தாண்டும்போது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மடியிலிருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்ட டீச்சருக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அணிவகுப்பில் ஒரு வரிசை கால் தப்பினால் அவர் என்ன செய்வார்? மொத்த வரிசையையும் மெதுவாக நடக்கவா சொல்வார்? ஒவ்வொரு பெண்ணாக வெளியே இழுத்து நிறுத்தி, மிச்சப் பேரை நடக்கவிட்டுப் பார்ப்பார். எவள் வெளியே வந்ததும் நடை சரியாகிறதோ, அவளிடம்தான் கோளாறு. கடையில் வேறு ஸ்பீக்கர். வீட்டில் வேறு ஸ்பீக்கர். அப்படியானால் இழுத்துப் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர்களைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மரியசெல்வம் மீன் பையைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்து பேப்பரைப் பிரித்தார்.

"ஆண்டி வர்ற நேரம், எதுக்கு அதப் போட்டு நோண்டுற?"

டீச்சர் காதில் வாங்கவில்லை. இடது கூடத்து ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுத் தவிலைக் கூட்டினார். டக். அதை மாட்டிவிட்டு வலதைக் கழற்றினார். டக். இரண்டையும் மாட்டிவிட்டு, கருப்பு டேப்பை நகத்தால் பிய்த்து, சமையலறைக்குப் போகும் ஒயர்களை முறுக்கவிழ்த்துப் பிரித்துப் போட்டார். சவுண்டைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். தவில் சூடுபிடித்தது, ஏறியது, உச்சத்துக்குப் போனது, அங்கேயே நின்று விளையாடியது. பெட்டி நிற்கவில்லை. சமையலறை ஒயரை மறுபடி வைத்துப் பார்த்தார். டக். எடுத்தார். பாடியது. குற்றவாளி அகப்பட்டான்.

உடனே எழிலனுக்குப் போன் போட்டார்.

"நாலு ஸ்பீக்கரா!" என்று அலறினான் அவன். "ஒரே ஒயர்ல நாலு முறுக்கிவிட்டா எப்பிடித் தாங்கும் டீச்சர்? ரெண்டு பேருக்குப் போட வேண்டிய சோத்த நாலு பேருக்கு ஒரே நேரத்துல போடச் சொன்னா? மெதுவா வெச்சா சமாளிச்சிடும். ஜாஸ்தி வெச்சா எரிஞ்சிடுவோம்னு அதுவே கட் பண்ணிக்கும். நல்ல பெட்டி, அதான் தப்பிச்சுது. நாலு இருக்குதுன்னு நீங்க சொல்லவே இல்லியே!"

"நீ என்னைக் கேட்டியா?" என்றார் டீச்சர். "எதிர்ல நின்னேனேப்பா. ஒரு வார்த்த என்னைக் கேட்டியா?"

"தப்புதான் டீச்சர்" என்றான் எழிலன். அவன் நல்லவன், ஒத்துக்கொண்டான்.

டீச்சர் போனை வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "அவன் எத்தன ஸ்பீக்கர்னு கேட்டதுக்கு ரெண்டுன்னீங்களே, ஏன்?"

மரியசெல்வம் உண்மையாகவே விழித்தார். "ரெண்டுதான? கூடத்துல ரெண்டு."

"கிச்சன்ல இருக்கறது?"

"அது கிச்சன்ல இருக்கறது. அத நான் கணக்குலயே எடுக்கல பிரிசில்லா."

மனுஷன் பொய் சொல்லவில்லை. அதுதான் டீச்சருக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது. சமையலறையில் இருப்பது எதுவுமே அவர் கணக்கில் வந்ததில்லை. குக்கர் வந்ததில்லை, மிக்சி வந்ததில்லை, அங்கே நின்றுகொண்டிருந்த ஆளும் வந்ததில்லை.

"அந்த ரெண்டையும் கழட்டப் போறேன்" என்றார்.

"கழட்டிட்டா நீ எங்க கேப்ப?"

"கூடத்துல."

"கூடத்துலயா?" மரியசெல்வம் சமையலறைப் பக்கம் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "அப்ப மீனு?"

இத்தனை வருஷத்தில் இதற்குமுன் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கிற நிலைமை அவருக்கு வந்ததே இல்லை. டீச்சருக்குத் தொண்டை வரைக்கும் எத்தனையோ வந்தது. ஈஸ்டர் அன்றைக்குக் கண் கலங்கியது, அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வைக்கலாம் என்றது, ஜாஸ்தி ஜாஸ்தி என்று எட்டு ஊருக்கும் சொன்னது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார்.

"மீனு அங்க இருக்குது. தவிலு இங்க இருக்குது. நான் இங்க இருக்கப் போறேன். இத்தன மாசமா பெட்டி கெட்டுப்போச்சின்னீங்க, என் காது போயிடும்னான் உங்க புள்ள, மாதாவுக்கு அடியில போட்ட துணியக்கூட விடல. கெட்டது எதுவும் இல்லீங்க. நீங்க இழுத்த ஒயருதான்."

வாசலில் ஆண்டியின் வண்டி வந்து நின்றது. பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக் என்று அவன் வண்டியில் கட்டிய மைக் தெருவே அதிரக் கத்திக்கொண்டிருந்தது. அவனிடம் மட்டும் இந்த ஊரில் ஒருத்தரும் மெதுவாக என்று சொன்னதில்லை, கவனித்தீர்களா?

டீச்சர் சமையலறை ஸ்டூலில் ஏறி இரண்டு ஸ்பீக்கர்களையும் ஆணியோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு போய் ஆண்டியின் கையில் வைத்தார்.

"சார் பெரிய பெட்டின்னு சொன்னாரே டீச்சர்?" என்றான் அவன்.

"சார் சொன்னத விடு. இந்த வூட்ல பழைய சாமான் இவ்ளோதான்."

திரும்பி வந்தபோது மரியசெல்வம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையில் பேப்பர் மடங்கிக் கிடந்தது. அவர் கெட்டவர் இல்லை என்று முதலிலேயே சொன்னேனே, முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும். டீச்சருக்கும் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். மாதாவை மட்டும் ஷோகேஸிலேயே இருக்கவிட்டார், பெட்டிக்குக் காற்று வேண்டும் என்பது சரிதான் என்று எழிலனும் சொல்லியிருந்தான். சவுண்டைத் திருப்பினார். எங்கே வைத்துக் கேட்பாரோ அங்கே வைத்தார்.

தவில் ஆரம்பித்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. குழாய் திறந்தது. டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டன.

"பிரிசில்லா, அருவாமனை எங்க இருக்குது?"

தவில் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் காதில் அது விழவில்லை.

"பிரிசில்லா!"

தவில் இன்னும் ஏறியது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஆயுளில் முதல் தடவையாக மரியசெல்வம், அதிர்ந்தே பேசாத அந்த மனுஷன், கையில் மீனோடு சமையலறை வாசலுக்கு வந்து தொண்டை கிழியக் கத்தினார்.

"பிரிசில்லா! அருவாமனை எங்கடீ இருக்குது?"

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை.

"மெதுவாங்க" என்றார். "தெருவுக்குக் கேக்குது."